எலியின் மூட்டுவாதம் அடங்கியது, அம்மாவுக்கு ஏன் அந்த மருந்து இல்லை?

கேட்கப்பட்டது இது: "என் அம்மாவுக்கு ஒன்பது வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்கிறார். எலிகளுக்குக் கொலாஜனை வாய்வழியாகக் கொடுத்தே இந்த நோயை வரவிடாமல் செய்துவிட்டார்கள், அதுவும் நாற்பது வருடத்துக்கு முன்பே, என்று படித்தேன். அப்படியென்றால் மனிதர்களுக்கு ஏன் இன்னும் அந்தச் சிகிச்சை வரவில்லை? கடையில் விற்கிற கொலாஜன் பொடியை வாங்கிக் கொடுக்கலாமா? எனக்கும் இந்த நோய் வருமா?"

நீங்கள் படித்தது உண்மை. 1980-களின் நடுவிலேயே எலிகளிலும் சுண்டெலிகளிலும் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அப்புறம் மூக்கு வழியாக, ஊசியாக, நானோ துகளுக்குள் அடைத்து, செல்களில் ஏற்றி என்று பல வழிகளில் முயன்று, பெரும்பாலானவற்றில் வெற்றியும் கண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து கொடுத்தபோது நோய் இன்னும் வந்திருக்கவே இல்லை. உங்கள் அம்மாவுக்கு நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் வெற்றி தோல்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகிறது. மற்ற காரணங்களும் உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

முடக்குவாதத்தில் உடலின் நோயெதிர்ப்பே சொந்த மூட்டைத் தாக்குகிறது. எலிகளுக்குக் கொலாஜன் கொடுத்தது, தாக்காமல் விடும்படி அந்த நோயெதிர்ப்பைப் பழக்குவதற்காக. இதற்குச் சகிப்பு என்று பெயர். நோயெதிர்ப்பு இயலில் அது எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளர்கின்றன. உடலின் சொந்தப் புரதங்களோடு பலமாக ஒட்டிக்கொள்ளும் டி செல்களை அந்தச் சுரப்பியிலேயே சாகடித்துவிடுவது முதல் கட்டம். இந்த வடிகட்டல் முழுமையானதல்ல. தப்பித்து வெளியே வந்த செல்கள் உங்கள் ரத்தத்திலும் இருக்கின்றன, என் ரத்தத்திலும் இருக்கின்றன. அவற்றை வெளியே வைத்துச் சமாளிப்பது இரண்டாம் கட்டம். சில செல்கள் செயலிழந்து போகின்றன, சில செத்துப்போகின்றன, மீதியை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அடக்கி வைக்கின்றன.

ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இந்த ஒழுங்குபடுத்தும் செல்களைச் சிடி25 என்ற மேற்பரப்புப் புரதத்தை வைத்து அடையாளம் காட்டினார். 2001-இல் மேரி புரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதானால் ஒழுங்குபடுத்தும் செல்கள் சரியாக உருவாகாது என்பது 2003-இல் உறுதியானது. இந்த மூவருக்கும்தான் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. முதல் கட்டம் கெட்டுப்போனாலும் மூட்டுவாதம் வரும் என்பதற்கு சகாகுச்சி குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பே சாட்சி. அவர்கள் 2003-இல் விவரித்த எஸ்கேஜி சுண்டெலியில் சாப்-70 என்ற புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் தைமஸின் வடிகட்டல் தடுமாறுகிறது, மூட்டைத் தாக்கும் டி செல்கள் வெளியே வந்துவிடுகின்றன.

இப்படி இயற்கையாக இருக்கும் சகிப்பை நாமே வரவழைக்க முடியுமா என்ற கேள்விக்கு முதல் விடை 1953-இல் வந்தது. பில்லிங்காம், பிரென்ட், மெடாவர் மூவரும் கருவில் இருந்த சுண்டெலிகளுக்கு வேறொரு மரபுவழிச் சுண்டெலியின் செல்களைச் செலுத்தினார்கள். பிறந்து வளர்ந்த பிறகு அந்த மரபுவழியின் தோலை ஒட்டியபோது இவை நிராகரிக்கவில்லை. மற்ற மரபுவழியின் தோலை வழக்கம்போல நிராகரித்தன. இந்தப் பின்பாதிதான் முக்கியம். சகிப்பு என்று சொல்ல வேண்டுமானால் அது குறிப்பிட்ட ஒரு பொருளின் மீது மட்டும் இருக்க வேண்டும், மற்ற எதிர்ப்பாற்றல் அப்படியே இருக்க வேண்டும். இன்னொன்று, கொடுப்பதை நிறுத்திய பிறகும் அது நிலைக்க வேண்டும். உங்கள் அம்மா எடுத்துக்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்டதல்ல. அது நோயை அடக்குகிறது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்பிவிடுகிறது. அடக்குவதற்கும் சகிக்க வைப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, எலிக்கு வருவோம். முடக்குவாதம் எலிகளுக்கு இயல்பாக வருவதில்லை, நாம்தான் வரவழைக்க வேண்டும். அதற்கு அதிகம் பயன்படும் முறை கொலாஜன் மூட்டுவாதம். 1977-இல் ட்ரென்தம், டவுன்ஸ், காங் ஆகியோர் எலிகளில் விவரித்தார்கள். 1980-இல் கோர்ட்னி குழு அதைச் சுண்டெலிக்குக் கொண்டுவந்தது. எல்லாச் சுண்டெலிக்கும் வராது. டிபிஏ/1 என்ற மங்கிய பழுப்பு நிறச் சுண்டெலிக்கு நன்றாக வரும், ஏனென்றால் அதன் திசுப்பொருத்த மரபணு கொலாஜனின் ஒரு குறிப்பிட்ட துண்டை இறுகப் பிடித்து டி செல்லுக்குக் காட்டுகிறது. இந்த ஒரு சுண்டெலியின் மேல்தான் இந்தத் துறையின் பாதிக் கட்டுரைகள் நிற்கின்றன.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஆராய்ச்சிக் கட்டுரையில் இரண்டு வரியில் முடிந்துவிடும் வேலை, மேசையில் நாள் கணக்கில் ஆகும். மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகைக் கொலாஜன். மாட்டின் அல்லது கோழியின் குருத்தெலும்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், குளிரிலேயே வைத்து, இரவு முழுக்க மெதுவாகக் கரைய விட வேண்டும். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் மூன்று இழை முறுக்கு பிரிந்துவிடும். முறுக்குப் பிரிந்த கொலாஜனைக் கொண்டு சுண்டெலிக்கு மூட்டுவாதத்தை ஒழுங்காக வரவழைக்க முடியாது. கரைந்ததை, கொல்லப்பட்ட காசநோய்க் கிருமி கலந்த எண்ணெயோடு சரிபாதியாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும். இந்த எண்ணெய்க்கு ஃபிராயின்ட் முழுத் துணைப்பொருள் என்று பெயர். குழைத்ததில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். பரவாமல் உருண்டையாகவே நின்றால் பதம் வந்துவிட்டது. பரவினால் திரும்பக் குழைக்க வேண்டும். பிறகு வால் தொடங்கும் இடத்தில், தோலுக்குள், வழக்கமாக 100 மைக்ரோகிராம் கொலாஜன் அளவுக்கு ஊசி. 21-ஆம் நாள் இன்னோர் ஊசி. அதை அடுத்த ஓரிரு வாரத்தில் முதலில் ஒரு விரல் சிவந்து தடிக்கும், அப்புறம் பாதம் முழுக்க வீங்கும். ஒவ்வொரு பாதத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், நான்கு பாதத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 16. மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தக் கூண்டுக்கு என்ன மருந்து போனது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அரை மதிப்பெண் அப்படி இப்படிச் சாய்ந்துவிடும், யாராக இருந்தாலும்.

அந்த வீங்கிய காலோடு சுண்டெலி நடக்கும் விதத்தைப் பார்த்தால் அதன் வலி புரியும். அதனால்தான் தெளிவில்லாத கேள்வியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று அழுத்தமாக நினைக்கிறேன். "நோய்க்கு முன் கொடுத்தால் தடுக்குமா" என்பது பலமுறை விடை கண்ட கேள்வி. இன்னும் அதையே கேட்டு இன்னொரு கட்டுரை எழுத சுண்டெலிகளை வருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது நீங்கள் படித்த அந்த வெற்றி. வாய்வழியாகப் போகும் புரதத்தை உடல் சகித்துக்கொள்கிறது என்பது பழைய செய்தி. 1911-இலேயே வெல்ஸ், முன்பு முட்டைப் புரதம் சாப்பிட்ட கினிப்பன்றிகளுக்கு அதே புரதத்தை ஊசியாகப் போட்டால் ஒவ்வாமை அதிர்ச்சி வருவதில்லை என்று காட்டினார். காரணம் யோசித்தால் புரியும். நாம் தினமும் சாப்பிடும் பருப்பும் பாலும் மீனும் அந்நியப் புரதங்களே. அவற்றோடெல்லாம் போர் தொடுத்தால் உயிர் வாழ முடியாது. 1980-களின் நடுவில் இலண்டனில் தாம்சனும் ஸ்டெயின்ஸும் எலிகளிலும், 1986-இல் அமெரிக்காவில் நாக்லர்-ஆண்டர்சன் குழு டிபிஏ/1 சுண்டெலிகளிலும் இதை மூட்டுவாதத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். நோய் வரவழைக்கும் ஊசிக்கு முன்பே கொலாஜனை நேராக வயிற்றுக்குள் செலுத்தினார்கள். நோய் தாமதமாக வந்தது, குறைவான விலங்குகளுக்கே வந்தது.

குடலில் என்ன நடக்கிறது என்பது பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. பாஸ்டனில் ஹோவர்ட் வைனர் குழு 1990-களில் அளவைப் பொறுத்து வழி மாறுவதைக் காட்டியது. அதிக அளவு கொடுத்தால் அந்தப் புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் செயலிழக்கின்றன அல்லது சாகின்றன. குறைந்த அளவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அடக்கும் தன்மையுள்ள டி செல்கள் உருவாகி டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-10 போன்ற தணிக்கும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. 2007-இல் இன்னொரு துண்டு கிடைத்தது. குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில் இருக்கும் ஒரு வகை டென்ட்ரிட்டிக் செல்கள் (புரதத் துண்டுகளை டி செல்லிடம் காட்டும் செல்கள்) வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலத்தைத் தயாரிக்கின்றன, அதுவும் டிஜிஎஃப்-பீட்டாவும் சேர்ந்து சாதாரண டி செல்லை ஃபாக்ஸ்பி3 உள்ள ஒழுங்குபடுத்தும் செல்லாக மாற்றுகின்றன.

இதில் ஆராய்ச்சியாளர்களுக்கு அதிக நம்பிக்கை தந்த விஷயம் ஒன்று உண்டு. மூட்டில் எந்தப் புரதம் தாக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கொலாஜனுக்காகப் பழக்கப்பட்ட ஒழுங்குபடுத்தும் செல், மூட்டுக்குப் போய்க் கொலாஜனைச் சந்தித்துத் தணிக்கும் புரதங்களைச் சுரந்தால், பக்கத்தில் வேறு புரதத்தைத் தாக்கிக்கொண்டிருக்கும் செல்லும் சேர்ந்தே அடங்கும். இது உண்மை என்பதற்கு நல்ல சான்று, கொலாஜனே சம்பந்தப்படாமல், மேலே சொன்ன துணைப்பொருள் எண்ணெயை மட்டும் போட்டு வரவழைத்த துணைப்பொருள் மூட்டுவாதத்தையும் வாய்வழிக் கொலாஜன் எலிகளில் தணித்ததுதான். அது 1990-இல் வைனர் குழுவே காட்டியது.

அதனால் மனிதர்களுக்குப் போனார்கள். 1977-இல் எலி மாதிரியை உருவாக்கிய அதே டேவிட் ட்ரென்தம், 1993-இல் பாஸ்டனில் 60 முடக்குவாத நோயாளிகளுக்கு மூன்று மாதம் கோழிக் கொலாஜனோ வெற்று மருந்தோ கொடுத்துப் பார்த்தார். கொலாஜன் எடுத்தவர்களில் மூட்டு வீக்கமும் வலியும் குறைந்தன, நான்கு பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. இந்தச் செய்தி எழுப்பிய எதிர்பார்ப்பு மிகப் பெரியது. ஒரு நாளைக்கு மைக்ரோகிராம் கணக்கில், பக்கவிளைவே இல்லாத, வாயில் போடும் மருந்து. யாருக்குத்தான் ஆசை வராது?

அடுத்து வந்தவை அதை உறுதி செய்யவில்லை. 1996-இல் ஜெர்மனியில் நோய் தொடங்கிய புதிதில் இருந்த 90 பேருக்குத் தினமும் 1 அல்லது 10 மில்லிகிராம் மாட்டுக் கொலாஜன் கொடுத்த சோதனையில் வெற்று மருந்துக்கும் இதற்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 1998-இல் 274 பேரோடு நான்கு அளவுகளைச் சோதித்தபோது, மிகக் குறைந்த 20 மைக்ரோகிராமில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது, அதுவும் எல்லா அளவுகோலிலும் இல்லை. அந்த அளவை நம்பி நடத்திய பெரிய மூன்றாம் கட்டச் சோதனை 1999-இல் தோற்றது. அத்தோடு அந்த மருந்தின் வளர்ச்சி நின்றது.

எலி பொய் சொன்னதா? இல்லை என்றே சொல்வேன், அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. 1992-இல் இலண்டனில் வில்லியம்ஸ், ஃபெல்ட்மன், மைனி ஆகியோர் இதே டிபிஏ/1 சுண்டெலியில், இதே கொலாஜன் மூட்டுவாதத்தில், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடியை (குறிப்பிட்ட ஒரு பொருளோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) செலுத்தினார்கள். நோய் வந்து பாதம் வீங்கிய பிறகும் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கமும் மூட்டுச் சேதமும் குறைந்தன. சீக்கிரமே மனிதர்களுக்குக் கொடுத்தார்கள், அங்கேயும் வேலை செய்தது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் அந்த வழியில் வந்தவைதான். ஒரே விலங்கு, ஒரே நோய். "நோய் வந்தபின் என்ன செய்யலாம்" என்று கேட்டவர்களுக்கு மனிதருக்குப் பொருந்தும் விடை கிடைத்தது. "வருமுன் என்ன செய்யலாம்" என்று கேட்டவர்களுக்கு வருமுன் பொருந்தும் விடைதான் கிடைத்தது. அதை நோய் முற்றியவர்களிடம் கொண்டுபோய்ச் சோதித்தார்கள்.

நோய் வந்தபின் சகிப்பை வரவழைப்பது ஏன் இவ்வளவு கடினம்? இதுவரை எதையும் சந்திக்காத டி செல்லைத் தணிந்த சூழலில் ஆன்டிஜெனுக்கு, அதாவது அது அடையாளம் காணும் பொருளுக்கு, அறிமுகப்படுத்தினால், அதை ஒழுங்குபடுத்தும் பக்கம் திருப்பலாம். பல முறை தாக்கிப் பழகிய நினைவு டி செல்லுக்கு அந்த வளைந்து கொடுக்கும் தன்மை மிகக் குறைவு. அழற்சி நிறைந்த மூட்டில் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்றவை பொங்கிக்கொண்டிருக்கும்போது, ஒழுங்குபடுத்தும் செல்லின் பேச்சைத் தாக்கும் செல்கள் கேட்பதும் இல்லை. அதற்கு மேல், முற்றிய நிலையில் நோய் டி செல்லை மட்டும் நம்பி நிற்பதில்லை. ஆன்டிபாடிகள், மேக்ரோஃபேஜ்கள், மூட்டுச் சவ்வின் நார்ச்செல்கள் எல்லாம் சேர்ந்து தாமாகவே நோயை ஓட்டத் தொடங்கிவிடுகின்றன. கே/பிஎக்ஸ்என் என்ற சுண்டெலி வகையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நோயுள்ள சுண்டெலியின் ரத்தச் சீரத்தை எடுத்து ஆரோக்கியமான சுண்டெலிக்குச் செலுத்தினால் சில நாளில் அதற்கும் மூட்டு வீங்கும். வாங்கிக்கொண்ட சுண்டெலிக்கு டி செல்லே இல்லாவிட்டாலும் வீங்கும். அந்தக் கட்டத்தில் டி செல்லுக்குச் சகிப்பைக் கற்றுக்கொடுத்து என்ன பயன்?

அடுத்த சிக்கல் இலக்கு. சுண்டெலியில் நோயைத் தொடங்கி வைத்தது நாம். எந்தப் புரதம், எந்தத் துண்டு, எந்த நாள் என்று எல்லாம் தெரியும். உங்கள் அம்மாவின் நோய் எந்தப் புரதத்தில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முடக்குவாத நோயாளிகளில் கொலாஜனுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பவர்கள் சிறுபான்மை. பெரும்பாலோரிடம் இருப்பவை சிட்ரலின் ஏற்றப்பட்ட புரதங்களுக்கு, அதாவது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ரலினாக மாறிவிட்ட சொந்தப் புரதங்களுக்கு, எதிரானவை. அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஆன்டி-சிசிபி என்று பார்த்திருப்பீர்கள், அதுதான் அது. சிட்ரலின் ஏறும் புரதங்களோ பல.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் சுண்டெலியிலேயே இருக்கிறது. டிபிஏ/1 சுண்டெலியின் டி செல்கள் அடையாளம் காணும் கொலாஜன் துண்டில் 266-ஆம் இடத்தில் மாட்டுக்கும் எலிக்கும் குளுட்டாமிக் அமிலம், சுண்டெலிக்கு அஸ்பார்ட்டிக் அமிலம். இந்த ஒரே மாற்றத்தால் சுண்டெலியின் சொந்தக் கொலாஜன் துண்டு அந்தத் திசுப்பொருத்த மூலக்கூறில் சரியாகப் பொருந்துவதில்லை. அதாவது ஊசியால் தூண்டப்பட்ட டி செல்கள் பெரும்பாலும் மாட்டுக் கொலாஜனை எதிர்ப்பவை. மாட்டுக் கொலாஜனைக் கொடுத்து அவற்றைச் சகிக்க வைப்பது, அந்நியப் புரதத்தைச் சகிக்க வைப்பதற்குச் சமம். சொந்தப் புரதத்தின் மீதான சகிப்பு உடைந்துவிட்ட மனிதருக்கு அதை மீட்டுத் தருவது வேறு வேலை. ஸ்வீடனில் ரிக்கார்ட் ஹோம்டால் குழு அந்த 266-ஆம் இடத்தை மட்டும் எலியின் வடிவத்துக்கு மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றின் உடலில் அந்தத் துண்டு சொந்தப் புரதம் என்பதால் ஓரளவு சகிப்பு ஏற்கெனவே இருக்கிறது. நோய் வரவழைப்பதே அவற்றில் கடினம். என் பார்வையில் புதிய சகிப்பு முறை எதையும் இப்படிப்பட்ட சுண்டெலியில் சோதித்துவிட்டுத்தான் மனிதரைப் பற்றிப் பேச வேண்டும்.

வேறு முயற்சிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலில் இருன் கோஹன் குழு 1983-இல், மூட்டுவாதத்தை உண்டாக்கும் டி செல் வரிசையையே தடுப்பூசிபோலப் பயன்படுத்தி எலிகளைக் காத்தது. 1988-இல் வில்லெம் வான் ஈடனும் கோஹனும் காசநோய்க் கிருமியின் வெப்ப அதிர்ச்சிப் புரதம் ஒன்றை முன்கூட்டிக் கொடுத்தால் துணைப்பொருள் மூட்டுவாதம் தடுக்கப்படுவதைக் காட்டினார்கள். அதே கிளையில் வந்த டிஎன்ஏஜே-பி1 என்ற துண்டை 160 நோயாளிகளுக்கு ஆறு மாதம் வாய்வழியாகக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனை 2009-இல் வெளியானது. ஓரளவு பலன் தெரிந்தது, முடக்குவாதத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இன்னும் தெளிவாக. அழற்சியை ஒரு மருந்தால் தணித்துக்கொண்டே சகிப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற யோசனைக்கு அது ஒரு நல்ல தடயம்.

இனி கொலாஜன் பொடி. கடையில் பெரும்பாலும் கிடைப்பது சிறு துண்டுகளாக உடைத்த கொலாஜன். குருத்தெலும்பிலேயே இல்லாத முதல் வகைக் கொலாஜனாகவும் அது இருக்கலாம். உடைக்காத இரண்டாம் வகைக் கொலாஜன் மாத்திரைகளும் விற்கின்றன. அவற்றின் விளம்பரத்தில் வாய்வழிச் சகிப்பு பற்றிய பேச்சும் இருக்கும். அவை பெரும்பாலும் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலியில் சோதிக்கப்பட்டவை. அது வேறு நோய். முடக்குவாதத்தில் நடந்த பெரிய சோதனைகள் எப்படி முடிந்தன என்று மேலே சொன்னேன். அதனால் அந்தப் பணத்தைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். வாங்கியே தீருவது என்று அம்மா விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும். மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். இது வெறும் எச்சரிக்கைப் பேச்சல்ல. மருந்தில்லாமல் நோய் கிளம்பும் மாதங்களில் அரிபடும் எலும்பு திரும்ப வளர்வதில்லை.

வாய்வழியாகக் கொடுப்பது எப்போதும் தீங்கற்றது என்றும் நினைக்க வேண்டாம். 1996-இல் வெளியான ஒரு சோதனையில் டிபிஏ/1 சுண்டெலிகளுக்குக் கொலாஜனோடு குடல் பாக்டீரியாவின் உறை நச்சையும் சேர்த்து வாய்வழியாகக் கொடுத்தபோது, சகிப்புக்குப் பதில் மூட்டுவாதமே வந்தது. அதே ஆன்டிஜென், அதே வழி, சூழல் மட்டும் அழற்சி நிறைந்தது. சகிப்பா தாக்குதலா என்பதை ஆன்டிஜென் தீர்மானிப்பதில்லை, அதை டி செல்லிடம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல் எந்த மனநிலையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

கடந்த இருபது வருடத்தின் நல்ல வேலைகள் எல்லாம் இந்த டென்ட்ரிட்டிக் செல்லைச் சுற்றியே நடந்திருக்கின்றன. இங்கிலாந்தின் நியூகாசிலில் டெக்சாமெத்தசோன், வைட்டமின் டி ஆகியவற்றில் ஊறவைத்து அமைதிப்படுத்திய டென்ட்ரிட்டிக் செல்களில் கொலாஜனை ஏற்றிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். கவனியுங்கள், நோய் வந்த பிறகு கொடுத்தார்கள். நோய் குறைந்தது. அடுத்து நோயாளியின் ரத்தத்திலிருந்தே அப்படிச் செல்களை வளர்த்து, அவருடைய மூட்டு நீரையே ஆன்டிஜெனாக ஏற்றி, வீங்கிய முழங்காலுக்குள் செலுத்தினார்கள். 10 இலட்சம், 30 இலட்சம், 1 கோடி செல்கள் என்று அளவைக் கூட்டிப் போன அந்தச் சிறு சோதனை 2017-இல் வெளியானது. பாதுகாப்பானது என்று தெரிந்தது, நோயை மாற்றுமா என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதல்ல. எந்தப் புரதம் இலக்கு என்று தெரியாத சிக்கலுக்கு மூட்டு நீரைப் பயன்படுத்தியது மிக நல்ல யோசனை என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஞ்சனி தாமஸ் குழு இன்னொரு வழியில் போனது. சிட்ரலின் ஏற்றிய நான்கு பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) நோயாளியின் டென்ட்ரிட்டிக் செல்களில் ஏற்றி, ஆபத்து மரபணு உள்ள 18 பேருக்கு ஒரே ஓர் ஊசி போட்டார்கள். 2015-இல் வெளியான அந்த முடிவில் தாக்கும் டி செல்கள் குறைந்து, ஒழுங்குபடுத்தும் செல்களின் விகிதம் கூடியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செல் வளர்ப்பது செலவும் உழைப்பும் மிகுந்த வேலை. அதனால் இதே குழு ஆன்டிஜெனையும், டென்ட்ரிட்டிக் செல்லை அமைதிப்படுத்தும் மருந்தையும் ஒரே கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துத் தோலுக்கடியில் போடும் முறைக்கு வந்தது. 2009-இல் சுண்டெலியில் செய்த முதல் வடிவத்தில் அந்த மருந்துகளில் ஒன்று மஞ்சளில் இருக்கும் குர்க்குமின். உடனே அம்மாவுக்கு மஞ்சள் பாலைக் கூட்டிவிடாதீர்கள். ஆன்டிஜெனோடு ஒரே குமிழிக்குள் போய், ஒரே செல்லுக்குள் இறங்கியதால்தான் அது வேலை செய்தது. பின்னர் வைட்டமின் டி-யின் செயல் வடிவத்தையும் கொலாஜன் துண்டையும் வைத்த குமிழியை 17 நோயாளிகளில் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். அதுவும் முதல் கட்டமே.

உங்கள் கடைசிக் கேள்வி, உங்களைப் பற்றியது. நான் இவ்வளவு நேரம் கால வேறுபாட்டைப் பற்றிப் பேசியது உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். பெற்றோருக்கு முடக்குவாதம் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஆன்டி-சிசிபி போன்ற ஆன்டிபாடிகள் மூட்டு வீங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே ரத்தத்தில் தோன்றிவிடலாம். எலியில் சகிப்பு வேலை செய்த அந்த முன்காலத்துக்கு மனிதரில் இணையானது இந்த இடைவெளிதான், ஆராய்ச்சியும் இப்போது அங்கேதான் நகர்கிறது. 2024-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ்-டச்சு சோதனையில், ஆன்டிபாடியும் மூட்டு வலியும் இருந்து வீக்கம் இன்னும் வராத 213 பேருக்கு ஒரு வருடம் வாராவாரம் அபாட்டசெப்ட் அல்லது வெற்று மருந்து ஊசி போட்டார்கள். டி செல்லைத் தூண்டும் இரண்டாவது சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து அது. வருட முடிவில் வெற்று மருந்துப் பக்கம் 29 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, அபாட்டசெப்ட் பக்கம் 6 சதவீதம். மருந்தை நிறுத்தி இன்னொரு வருடம் பார்த்தபோது அது 37-க்கு 25 ஆனது. இடைவெளி சுருங்கிவிட்டது. அதாவது அந்த மருந்து நோயைத் தள்ளிப்போட்டது, பெரும்பாலானோருக்குச் சகிப்பைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆன்டிஜெனோடு சேர்த்துக் கொடுக்கும் குமிழி முறையை இதே கட்டத்தில் இருப்பவர்களிடம் சோதித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

அறிகுறி எதுவும் இல்லாமல் நீங்கள் இப்போது போய் ஆன்டி-சிசிபி பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் என்ன செய்வது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை இன்னும் இல்லை. புகைபிடிப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள், இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுவதில் நாம் மாற்றக்கூடிய காரணங்களில் அது முதன்மையானது. காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்க முடியாமல் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்து, அது சில வாரங்கள் தொடர்ந்தால், தைலம் தடவிக் காத்திருக்காமல் மூட்டுவாத மருத்துவரிடம் போங்கள். அம்மாவின் நோயைச் சொல்லிவிட்டு, அந்தப் பரிசோதனையை அப்போது கேளுங்கள்.